ஓடையைக் காக்க ஒரு குழு: நீர்வடிப்பகுதித் தன்னார்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மரக்கன்று நடும் விழாவில் தொடங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடையைக் காப்பாற்ற வேண்டும் என்று பத்துப் பேர் கூடினால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருநூறு குழி, ஒரு பேனர், நிறையப் புகைப்படம். அடுத்த கோடையில் அந்த இருநூறில் எத்தனை பிழைத்தது என்று எண்ணிப் பார்க்க யாரும் போவதில்லை. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பாதிக் கன்றுகள் தண்ணீரில்லாமல் காய்ந்தன. மீதியை முதல் வெள்ளமே கொண்டுபோயிற்று. ஓடை எந்தப் பக்கம் புரளும் என்று தெரியாமல், சரியாக அது புரளும் இடத்திலேயே குழி வெட்டியிருந்தோம்.

அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் வருடம் எதையும் கட்டாதீர்கள். நடங்கள், அளங்கள், பேசுங்கள். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் முழுதாகப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

1. எல்லையை வரைதல்

நீர்வடிப்பகுதி, நீர்ப்பிடிப்புப் பகுதி என்றெல்லாம் சொல்வது பெரிய விஷயம் போலத் தோன்றும். உண்மையில் எளிதுதான். ஓடையில் ஓர் இடத்தில் நில்லுங்கள். எங்கெல்லாம் விழும் மழைநீர் கடைசியில் உங்கள் காலடியைத் தாண்டித்தான் போக வேண்டுமோ, அந்த நிலம் முழுவதும் அந்த இடத்துக்கான நீர்வடிப்பகுதி. நிற்கும் இடம் மாறினால் எல்லையும் மாறும். ஆக, எங்கே நிற்பது என்பதுதான் உங்கள் முதல் முடிவு.

பேராசை வேண்டாம். ஆறு முழுவதையும் காப்பாற்றக் கிளம்பிய குழுக்கள் ஆறு மாதம் தாங்குவதில்லை. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் எல்லையைச் சுற்றி வந்துவிட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அளவு சரி. சில நூறு ஹெக்டேர் இருந்தால் போதும்.

உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடம் ஒன்றை அச்செடுத்துக்கொள்ளுங்கள். உயரக்கோடுகள் வளைந்து, கூர்முனை மேட்டுப் பக்கம் நோக்கியிருந்தால் அங்கே ஓடை இருக்கிறது. பள்ளத்துப் பக்கம் நோக்கியிருந்தால் அது முகடு. நீங்கள் நிற்கும் புள்ளியிலிருந்து பென்சிலால் முகடு முகடாக ஏறி, உச்சியைச் சுற்றி, மறுபக்கம் இறங்கித் தொடங்கிய புள்ளிக்கே வாருங்கள். நடுவில் எங்கேயாவது கோடு ஓடையைக் குறுக்கே வெட்டினால் தப்பு. அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

வரைபடம் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. சாலை, ரயில் பாதை, வீட்டுமனைக்காகக் கொட்டிய மண் எல்லாம் புது முகடுகள். சாலைக்கு அடியில் போகும் ஒரு சிறுபாலம் பக்கத்துப் பகுதியின் தண்ணீரை உங்கள் ஓடையில் கொண்டுவந்து சேர்க்கலாம். அடைத்துக்கொண்டால் உங்கள் தண்ணீர் வேறெங்கோ போகலாம். இதையெல்லாம் நடந்துதான் சரிபார்க்க வேண்டும்.

2. நடந்து பார்த்தல், முக்கியமாக மழையில்

இரண்டு நடை வேண்டும். ஒன்று வறண்ட நாளில், கீழிருந்து மேலே. எங்கே ஊற்று கசிகிறது, எங்கே கரை சரிந்திருக்கிறது, எங்கே குழாய் ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே போங்கள். போனில் இருக்கும் ஜிபிஎஸ் போதும். கூடவே ஒரு காகித வரைபடமும் இருக்கட்டும். இந்த நடைக்கு வயதானவர் ஒருவரையும் ஆடு மாடு மேய்ப்பவர் ஒருவரையும் கெஞ்சியாவது கூட்டிப் போங்கள். எங்கள் வரைபடத்தில் இல்லாத இரண்டு ஊற்றுகளை எங்களுக்குக் காட்டியவர் ஆடு மேய்ப்பவர்தான். “ஆடு எங்க நின்னு குடிக்குதோ அங்கதான் கடைசி வரைக்கும் தண்ணி இருக்கும்” என்றார். அந்த ஒரு வரி எங்கள் ஆறு மாத வேலையை மிச்சப்படுத்தியது.

இரண்டாவது நடை, மழை கொட்டும்போது. வெயிலில் ஒரே நிறமாகத் தெரியும் நிலம் அப்போதுதான் தன் கதையைச் சொல்லும். ஒரு பக்கக் கிளையில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். பக்கத்துக் கிளையில் கிட்டத்தட்டத் தெளிவாக வரும். எங்கள் ஓடை கலங்குவதற்குக் காரணம் மேலே உள்ள வயல்கள் என்றுதான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மழையில் குடையோடு மேலே போனோம். வயல் ஓரத்துத் தண்ணீர் பரவாயில்லை. கலங்கல் முழுவதும் ஒரு வண்டிப் பாதையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சரிவில் நேராக இறங்கும் பாதை. மழை வந்தால் அதுவே வாய்க்கால். இரண்டு பாட்டிலில் ஆளுக்கொரு லிட்டராகப் பிடிக்காமல், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் பிடித்தோம், ஒன்று பாதையிலிருந்து, ஒன்று வயலிலிருந்து. வீட்டு ஜன்னலில் அசைக்காமல் வைத்தோம். காலையில் பாதைத் தண்ணீர் இருந்த பாட்டிலின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. வயல் பாட்டிலில் மெல்லிய ஏடுதான். அடுத்த கூட்டத்துக்கு அந்த இரண்டு பாட்டிலையும் எடுத்துப் போனேன். அன்று பேச்சுக்கே தேவையிருக்கவில்லை.

மழை நடையில் பாதுகாப்பு முக்கியம். தனியாகப் போகக் கூடாது. இடி மின்னல் என்றால் திரும்பிவிட வேண்டும். ஓடும் தண்ணீரில் இறங்கவே கூடாது. முழங்கால் அளவு வேகமான தண்ணீர் திடமான ஆளையே சாய்த்துவிடும். மாதிரி எடுக்க ஒரு கம்பில் கட்டிய டப்பா போதும்.

3. ஆட்களைச் சேர்த்தல்

ஐந்தாறு பேர் உறுதியாக வந்தால் போதும். நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழு ஒரு கணக்கே இல்லை. ஆனால் அந்த ஐந்தாறு பேர் யார் என்பது முக்கியம். மேலே நிலம் வைத்திருப்பவர் ஒருவர், கடைமடையில் ஒருவர், தண்ணீர் சுமக்கும் பெண்களில் ஒருவர், மேய்ச்சலுக்குப் போகிறவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். கீழே இருப்பவர்கள் மட்டும் கூடினால், மேலே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானம் போடும் குழுவாக அது ஆகிவிடும். அப்படியான தீர்மானத்தை யாரும் மதித்து நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. சண்டிகரில் 1958-இல் உருவாக்கிய சுக்னா ஏரி, சிவாலிக் குன்றுகளிலிருந்து வந்த மண்ணால் வேகமாகத் தூர்ந்துகொண்டே வந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்கள் 1970-களில் ஏரிக்கு மேலே இருந்த சுகோமாஜ்ரி கிராமத்தில் போய் நின்றார்கள். மேய்ச்சலை நிறுத்து என்று அந்த மக்களிடம் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு அதில் என்ன லாபம்? மண் பாதுகாப்பு நிபுணர் பி.ஆர். மிஸ்ரா முன்னின்று நடத்திய வேலையில் அங்கே சிறிய மண் அணைகள் கட்டப்பட்டன. அந்தத் தண்ணீரில் நிலமில்லாத வீடுகளுக்கும் பங்கு கிடைத்தது. பதிலுக்குக் குன்றை மேய்ச்சலிலிருந்து மக்களே காத்தார்கள், முள்வேலி இல்லாமல். கீழே உள்ள ஏரிக்கு நல்லது நடக்க, மேலே உள்ளவர்களுக்கு முதலில் நல்லது நடக்க வேண்டியிருந்தது. உங்கள் ஓடையிலும் மேல்பகுதிக்காரருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

பொறுப்புகளைப் பதவியாகப் பிரிக்காமல் ஓடையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பேர். பாலத்திலிருந்து பாறை வரை இவர்கள், பாறையிலிருந்து ஊற்று வரை அவர்கள் என்று. தலைவர், துணைத்தலைவர் என்று வைத்தால் சண்டை வரும். துண்டு வைத்தால் பெரும்பாலும் போட்டி வரும், அது நல்லது.

கூட்டத்தை ஓடைக் கரையிலேயே வையுங்கள். ஒரு மணி நேரம். சொன்ன நேரத்தில் முடித்துவிட வேண்டும், பாதிப் பேச்சில் என்றாலும்.

4. அளத்தல்

குழுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கையில் எண் இருந்தால் அதிகாரியிடமும் பேசலாம், பக்கத்து நிலத்துக்காரரிடமும் பேசலாம். எண் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு கருத்து, அவருக்கு ஒரு கருத்து, அவ்வளவுதான். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

மழை: நேர்ச்சுவர் உள்ள மழைமானி ஒன்றைத் திறந்த வெளியில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், காலையில், படித்து எழுதுங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். இந்த ஒரு கணக்கை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 200 ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 10 கோடி லிட்டர் விழுந்திருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடினாலே 2 கோடி லிட்டர். கையளவு தடுப்பைக் கட்டி இதை நிறுத்திவிடலாம் என்று நினைப்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஊற்று: வாளியும் போனில் உள்ள ஸ்டாப்வாட்சும் போதும். 15 லிட்டர் வாளி 30 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு அரை லிட்டர். நாளுக்கு 43,200 லிட்டர். மூன்று முறை பிடித்துச் சராசரி எடுங்கள். கோடையின் கடைசி வாரத்தில் எடுக்கும் அளவுதான் எல்லாவற்றிலும் மதிப்பானது.

ஓடையின் ஓட்டம்: நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, மிதக்கும் ஏதாவது ஒன்றை நடுவில் விட்டு நேரம் பாருங்கள். பாதி தண்ணீர் நிரப்பி மூடிய சின்ன பாட்டில் நன்றாக வேலை செய்யும், காற்றில் அலையாது. மேற்பரப்பில் தண்ணீர் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் ஓடும், அதனால் கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 20 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர், பெருக்கினால் 0.425. ஓடை 2 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 30 செ.மீ. என்றால் குறுக்குப் பரப்பு 0.6 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 255 லிட்டர். தோராயம்தான். ஆனால் அதே இடத்தில் அதே முறையில் வருடா வருடம் எடுத்தால் தோராயமும் உண்மையைச் சொல்லும். தண்ணீர் அமைதியாக ஓடும் நாளில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கிணறு: கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டால் ஒரு குறி போட்டு, அங்கிருந்து நீர்மட்டம் வரை டேப்பில் அளங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, விடிகாலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால். மோட்டார் ஓடிய பிறகு எடுத்த அளவு அந்த மோட்டாரின் அளவு, நிலத்தடி நீரின் அளவில்லை.

மண் தண்ணீரைக் குடிக்கும் வேகம்: இரண்டு பக்கமும் வெட்டிய, சுமார் 15 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பாவை மண்ணில் சில செ.மீ. அழுத்துங்கள். 450 மில்லி தண்ணீர் ஊற்றினால் கிட்டத்தட்ட 25 மி.மீ. மழைக்குச் சமம். அது இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். மரத்தடியில் ஒன்று, மாடு நடந்து இறுகிய தரையில் ஒன்று. பிள்ளைகளைக் கூட்டி வந்து இதைச் செய்யுங்கள். மரத்தடியில் தண்ணீர் சட்டென்று மறைந்து, பக்கத்தில் அப்படியே தேங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மண் வளம் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

தண்ணீரின் தரம்: இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்), கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை ஆகியவற்றை எளிய சோதனைப் பெட்டியில் பார்க்கலாம். பிஹெச் 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும். வெப்பநிலையைச் சேர்த்து எழுதுவது ஏன் என்றால், 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். கரையோர நிழலை வெட்டினால் மீன் சாவது இதனால்தான்.

கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை ஆகியவற்றின் இளம் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. இவை ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகும். சிவப்பு நிறப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் மேலே எங்கோ கழிவு கலக்கிறது. பார்த்துவிட்டுக் கல்லை இருந்த மாதிரியே வையுங்கள். அப்புறம் ஒன்று: தெளிவாக இருக்கிறது, பூச்சி இருக்கிறது என்பதால் குடிக்கலாம் என்று யாருக்கும் சான்று கொடுத்துவிடாதீர்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான்.

புகைப்படம்: நான்கு இடத்தில் கல் நட்டு, அந்தக் கல்லின் மேலிருந்து, அதே திசையில், வருடத்தில் அதே நான்கு நாட்களில் எடுங்கள். அழகான படம் வேண்டாம். சலிப்பூட்டும் படம்தான் பத்து வருடம் கழித்துப் பேசும்.

எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். கணினியில் ஏற்றுங்கள், ஆனால் நோட்டை விடாதீர்கள். போன் மாறும், கடவுச்சொல் மறக்கும், நோட்டு அலமாரியில் இருக்கும். அளக்காமல் விட்ட நாளில் வெறுமையாக விடுங்கள், யூகித்து நிரப்பாதீர்கள். ஒரே ஒரு போலி எண் பிடிபட்டால் மீதி எல்லாமே போலி என்று ஆகிவிடும்.

5. அனுமதியும் பணமும்

ஓடையும் கரையும் யார் பெயரில் இருக்கின்றன என்று பதிவேட்டில் பாருங்கள். பொது நிலமானால் உரிய அலுவலகத்தில் வரைபடம், அளவுகள், செய்யப்போகும் வேலை மூன்றையும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தனியார் நிலமானால் வாய்ச்சொல் போதாது, ஒரு பக்கக் கடிதம் போதும். தண்ணீரைத் தடுக்கும் எந்த வேலையும் அனுமதியில்லாமல் கூடாது. கீழே இருப்பவரின் தண்ணீர் அது.

பணத்தில் இரண்டு பேர் கையெழுத்து, மாதா மாதம் வரவு செலவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவது. ஒட்டாத மாதத்தில்தான் வதந்தி பிறக்கும்.

6. மேலிருந்து கீழே வேலை

மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வாருங்கள். இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கீழே கட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும் என்பதால் யாரும் கேட்பதில்லை. மேலே மண்ணை நிறுத்தாமல் கீழே தடுப்பணை கட்டினால், அது சில மழையில் மண் நிரம்பிய திண்ணையாகிவிடும்.

சரிவில் செய்யும் வேலைக்கெல்லாம் சம உயரக் கோடு வேண்டும். அதற்கு ‘ஏ’ சட்டம் போதும். இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சரிபார்க்கும் முறை இது: இரண்டு கால்களும் நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துவிட்டு, நூல் குறுக்குக் கம்பில் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, வலது கால் இருந்த இடத்தில் இடது கால் வரும்படி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில் மூன்றாவது கோடு போடுங்கள். நூல் அந்த நடுக்கோட்டில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டம். இனி ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி, நூல் நடுவில் நிற்கும் இடத்தில் முளை அடித்துக்கொண்டே போகலாம். கம்புகள் சம நீளம் இல்லாவிட்டாலும் இந்த முறையில் தவறு வராது.

அந்த முளைகளின் வழியே அகழியோ வரப்போ போடுங்கள். தோண்டிய மண் எப்போதும் அகழியின் கீழ்ப்பக்கம். ஒரே நீள அகழியாக வெட்டாமல் விட்டு விட்டு, மேல் வரிசையின் இடைவெளிக்குக் கீழ் வரிசையின் அகழி வரும்படி வெட்டினால் ஓரிடத்தில் உடைந்தாலும் தண்ணீர் முழுவதும் அங்கே பாயாது. மிகச் செங்குத்தான, ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் சரிவில் அகழியே வேண்டாம். ஊறிய மண் மொத்தமாக இறங்கிவிடும். அங்கே புல்லும் புதரும்தான் வழி.

எங்கள் வண்டிப் பாதைக்குச் செய்தது இதைவிடச் சுலபம். குறுக்கே, கொஞ்சம் சாய்வாக, பல இடங்களில் மண்ணை மேடாக்கி ஒவ்வொரு மேட்டிலும் தண்ணீரைப் பக்கத்துப் புல்வெளிக்குத் திருப்பிவிட்டோம். வண்டி ஏறி இறங்கும் அளவுக்கு மழுங்கலான மேடு. ஒரு வார வேலை. அந்தக் கிளையில் தேநீர் நிறம் அடுத்த மழையிலேயே வெளுத்தது.

இனி கல் தடுப்பு. அரிப்பு விழுந்த சிறு ஓடைகளில் கையால் அடுக்கும் கல் தடுப்புகளைத் தன்னார்வலர்களே செய்யலாம். ஆனால் இதில்தான் நாங்கள் மோசமாகத் தவறினோம். முதல் தடுப்பை மதில் மாதிரி நேராக, மேலே ஒரே மட்டமாக அடுக்கினோம். பார்க்க அவ்வளவு லட்சணம். முதல் பெருமழையில் தடுப்பு அப்படியே நின்றது. தண்ணீர் இரண்டு பக்கக் கரைகளையும் அறுத்துக்கொண்டு சுற்றிப் போய்விட்டது. ஓடை முன்பைவிட இரண்டு மடங்கு அகலமானது. “நீங்க கட்டாம இருந்திருந்தாலே நல்லா இருந்திருக்கும் தம்பி” என்றார் அந்த நிலத்துக்காரர். அவர் சொன்னதில் தப்பேதும் இல்லை.

அதனால் இவற்றைக் கவனியுங்கள். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருக்க வேண்டும். நிரம்பி வழியும் தண்ணீர் நடுவில்தான் விழ வேண்டும். இரண்டு முனைகளும் கரைக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். அடிக்கல் ஓடைத் தரைக்குள் இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் விழும் கீழ்ப்பக்கத்தில் தட்டையான கற்களைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் விழும் தண்ணீர் குழி பறித்து அடியை உருவிவிடும். பெரிய கல் வெளியே, சின்னது உள்ளே. உயரம் ஒரு மீட்டரைத் தாண்டவே வேண்டாம்; அதற்கு மேல் என்றால் பொறியாளர் வேலை.

இரண்டு தடுப்புகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? கீழ்த் தடுப்பின் தலை, மேல்தடுப்பின் காலுக்குச் சம மட்டத்தில் இருக்க வேண்டும். தடுப்பு 75 செ.மீ. உயரம், ஓடையின் சரிவு நூறு மீட்டருக்கு 5 மீட்டர் என்றால் இடைவெளி 15 மீட்டர். ‘ஏ’ சட்டத்தாலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஓடைக்குள் கிடக்கும் கற்களையே பெயர்த்து அடுக்காதீர்கள். ஓடையின் தரையைப் பிடித்துவைத்திருப்பவை அவைதான்.

7. கரையும் செடியும் குப்பையும்

இப்போது நடலாம். ஓடை எங்கே புரளும் என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டீர்கள் அல்லவா? தண்ணீர் ஓரத்தில் புல், அதற்கு மேலே புதர், அதற்கும் மேலே மரம். மண்ணைப் பிடிப்பதில் புல்லை மிஞ்ச ஆள் இல்லை. வெட்டிவேரின் வேர்கள் மூன்று மீட்டர் வரை கூட நேராக இறங்கும். அந்தப் பகுதியிலேயே தானாக முளைப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். மேய்ச்சலை ஒரு பருவம் நிறுத்தினால் மண்ணில் கிடக்கும் விதையும் பழைய வேரும் தாமாகத் துளிர்க்கும். நட்டதைவிட இது பிழைக்கும். இருநூறு கன்று நட ஆசையிருந்தால் இருபது நடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றும் ஆளின் பெயரை நோட்டில் எழுதுங்கள்.

ஆகாயத்தாமரை இருந்தால் விடாமல் எடுக்க வேண்டும். சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி. பாதியை எடுத்துவிட்டு இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். எடுத்ததைக் கரையிலேயே குவிக்காதீர்கள், அடுத்த வெள்ளம் திருப்பி உள்ளே தள்ளும்.

குப்பை பொறுக்கும் நாளில் கனமான கையுறை, மூடிய செருப்பு கட்டாயம். ஊசி, ரசாயன டப்பா போன்றவற்றைத் தொடாமல் குறித்து வைத்து உரியவர்களிடம் சொல்லுங்கள். கையில் காயம் இருப்பவர் அன்று கணக்கெழுதட்டும். எலிக்காய்ச்சல் கலங்கிய நீர் வழியாக, சிறு காயத்தின் வழியாக வரக்கூடியது. பொறுக்கியதை எடை மட்டும் போடாமல் வகை பிரித்து எண்ணுங்கள். எந்தக் குப்பை அதிகம் என்று தெரிந்தால்தான் யாரிடம் பேச வேண்டும் என்று தெரியும்.

8. தகராறு வரும்போது

வரும். மேய்ச்சலை மூடினால் வரும், ஒருவர் கிணற்றில் மட்டும் நீர்மட்டம் ஏறினால் வரும். பொதுவளங்களை மக்களே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம் கண்டவற்றில் மூன்று எங்களுக்கு நேரடியாக உதவின. விதியைப் பயன்படுத்துகிறவர்களே எழுத வேண்டும். காவல் பார்ப்பவர் அவர்களுக்குள் ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்பவராகவோ இருக்க வேண்டும். தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். முதல் தடவை ஆடு உள்ளே வந்தால் ஆளைக் கூப்பிட்டுப் பேசுவது, அவ்வளவுதான். முதல் தடவையே பெரிய அபராதம் என்றால், கொடுக்கவும் மாட்டார், அடுத்த கூட்டத்துக்கு வரவும் மாட்டார்.

மேய்ச்சலை ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் மூடாதீர்கள். மூன்று பங்காக்கி ஒரு பங்கை மட்டும் மூடுங்கள். மூடிய பங்கில் வளரும் புல்லை அறுத்துக்கொள்ளும் முதல் உரிமை, மேய்ச்சலை விட்டுக்கொடுத்தவர்களுக்கே போகட்டும்.

கழிவு விடும் தொழிற்கூடம், மணல் அள்ளுவது போன்ற பெரிய விஷயங்களில் தன்னார்வலர்கள் நேரடியாக மோத வேண்டாம். தேதி, நேரம், இடம், படம், அளவு ஆகியவற்றோடு எழுத்தில் புகார், பல பேர் கையெழுத்தில். தனியாளாக நிற்பது வீரமில்லை, ஆபத்து.

9. இரண்டாம் வருடமும் கைமாற்றமும்

முதல் வருட உற்சாகம் இரண்டாம் வருடம் இருக்காது, அது இயல்பு. அதற்காகவே தேதிகளை முன்கூட்டியே குறித்துவையுங்கள். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு எல்லாத் தடுப்புகளையும் ஒரு முறை பார்ப்பது, அகழியில் தூர் எடுப்பது. முதல் பெருமழை முடிந்த மறுநாள் இன்னொரு முறை. நகர்ந்த ஒரு கல்லை அன்றே திரும்ப வைத்தால் ஐந்து நிமிட வேலை. அடுத்த மழை வரை விட்டால் தடுப்பே போய்விடும்.

அளவுகளில் அவசர முடிவு எடுக்காதீர்கள். கிணறு ஒரு மீட்டர் ஏறியிருந்தால் முதலில் அந்த வருட மழையைப் பாருங்கள். மழை அதிகம் பெய்த வருடத்தில் யார் கிணறும் ஏறும். வேலை நடக்காத பக்கத்து ஓடையில் ஒரு கிணற்றையும் சேர்த்து அளந்துவந்தால் வித்தியாசம் தெரியும். எங்கள் நோட்டில் அப்படி ஒரு கிணறு இருக்கிறது. மூன்று வருடம் நம் கிணறுகளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அதையும் கூட்டத்தில் படித்தோம். நாலாம் வருடக் கோடையில்தான் இரண்டு கோடுகளும் பிரிந்தன, அதுவும் ஒரு கை அகலம்.

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பேர் என்று முதலிலேயே வைத்தோமே, அது இங்கே பயன்படும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூத்தவர் விலகி, இளையவர் புதிய ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நோட்டைக் கொடுக்கும்போது கூடவே ஒரு நடை போங்கள், கீழிருந்து மேலே. எந்தக் கல்லின் மேல் நின்று படம் எடுக்க வேண்டும், எந்தக் கிணற்றுக் குறி மங்கிவிட்டது, எந்த வீட்டில் காலையில் தட்டினால் கோபப்படுவார்கள் என்பதெல்லாம் நோட்டில் இருக்காது. நான் கொடுத்தபோது, வாங்கிக்கொண்ட பெண் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இந்த மூணு நாள் ஏன் காலியா இருக்கு?” காய்ச்சலில் படுத்திருந்தேன் என்றேன். பேனாவை எடுத்து ஓரத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதிக்கொண்டாள்.